கதவு ஊசி

குணசேகரன் செத்துப்போனது ஆவணி மாதத்தில். அவனை இடுப்பில் தூக்கி வளர்த்த அக்கா சுகந்திக்கு அதைச் சொல்வதென்று முடிவானது தை மாதத்தில். அதுவும் வீட்டில் வைத்து அல்ல. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில், இரண்டு கைகளிலும் குழாய் செருகி, ஊசி போட்டு, டாக்டர் தலையசைத்த பிறகு சொல்வதென்று முடிவு. சொல்ல வேண்டியவர் அவளுடைய வீட்டுக்காரர் ஈஸ்வரமூர்த்தி.

இப்படி எடுத்தவுடனே சொன்னால் ஈஸ்வரமூர்த்தியை ஈவிரக்கமில்லாத ஆள் என்று நினைத்துவிடுவீர்கள். அதெல்லாம் இல்லை. எறும்புப் புற்றைக் கண்டால் வண்டியை வளைத்து ஓட்டுகிற மனுஷன். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீடு வீடாக ஆள் போய் மீட்டர் பார்த்த கடைசிக் கூட்டத்தில் அவரும் ஒருவர். கார் தானாக ஓடுகிற, மீட்டர் தானே பேசிக்கொள்கிற இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது புரியாது. ஒரு வீட்டில் ஆள் இருக்கிறதா, அடுப்பு எரிகிறதா, புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்கிறார்களா என்பதைக்கூட மீட்டரைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று பெருமையடிப்பார். கதவைத் திறந்து வருகிற ஆளின் முகத்தை மட்டும் பார்க்கமாட்டார். அந்தப் பழக்கம் பின்னால் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதுதான் கதையே.

சுகந்திக்கு மைலோமா என்கிற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய். ஒருமுறை அடங்கி, மறுபடி கிளம்பியிருந்தது. ஆவணியில் அவள் கீமோ வார்டில் கண்ணாடி அறைக்குள் கிடந்தபோதுதான் திருச்செங்கோட்டிலிருந்து போன் வந்தது. குணசேகரனுக்கு ரிக் லாரி தொழில். சத்தீஸ்கரில் போர்வெல் ஓட்டிக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். எழுந்திருக்கவில்லை.

அன்றைக்குச் சுகந்தி இருந்த இருப்பில் யார்தான் சொல்வார்கள்? தண்ணீர் இறங்கவில்லை, ஆள் பேச்சு மூச்சில்லை. ஈஸ்வரமூர்த்தி மட்டும் போய் மச்சினனுக்குக் கோடித்துணி போட்டுவிட்டு வந்தார். எழவு வீட்டில் எல்லோரும் கேட்ட ஒரே கேள்வி, "அக்காளுக்குத் தெரியுமுங்களா?" என்பதுதான். "தெரியாதுங்க" என்றார். "சொல்லிப்போடாதீங்க" என்றார்கள். நம் ஊரில் நோயாளிக்கு மருந்து கொடுக்க மறந்தாலும் மறப்பார்கள், சாவை மறைக்க மறக்கமாட்டார்கள்.

"குணா எங்கீங் மாமா, எட்டிப் பாக்கவே காணோம்?" என்று கண் விழித்ததும் சுகந்தி கேட்டாள்.

"அவன் ஆப்பிரிக்காவுக்கு ரிக்கு கொண்டுபோயிருக்கான் அம்மிணி. திடீர்னு ஆர்டர். அங்க காட்டுக்குள்ள சிக்னலே கெடைக்கறதில்லையாம்."

"அப்படீங்களா" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

தீபாவளி வந்தது. தீபாவளிக்குத் தம்பி வீட்டுச் சேலை வராத வருஷம் கிடையாது. பீரோவின் கீழ்த்தட்டு முழுக்க அவன் எடுத்துக் கொடுத்ததுதான். இந்த வருஷம் அது வராவிட்டால் குட்டு உடைந்துவிடும் என்று ஈஸ்வரமூர்த்தி தானே கடைவீதிக்குப் போனார். பெண்டாட்டிக்கு என்ன பிடிக்கும் என்று அவருக்குத் தெரியாதா என்ன? மாம்பழ மஞ்சள் நிறம், அரக்கு பார்டர், கையில் எடுத்தால் வழுக்கிக்கொண்டு போகிற பட்டு. கொண்டுவந்து, "குணா சொல்லி உட்டு, நளினா குடுத்தனுப்புனா" என்றார். நளினா குணசேகரனின் மனைவி.

சுகந்தி சேலையைப் பிரித்து மடியில் போட்டு வெகுநேரம் தடவிக்கொண்டே இருந்தாள். "நல்லாருக்குதுங் மாமா" என்று சொல்லி மடித்து உள்ளே வைத்தாள். ஈஸ்வரமூர்த்திக்குத் தன் சாமர்த்தியத்தை நினைத்துத் தனக்கே ஆச்சரியமாக இருந்தது. அதற்குப் பிறகு அவள் தம்பியைப் பற்றிக் கேட்பதும் குறைந்துவிட்டது. நோய் எல்லாவற்றையும் மறக்கடித்துவிடுகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

கார்த்திகை வாக்கில் அவளுக்குத் தெம்பு வந்தது. இட்லி இரண்டு சாப்பிட்டாள், வாசலில் நடந்தாள், டிவி சீரியலில் வருகிற மாமியாரைத் திட்டவும் செய்தாள். பெருந்துறையில் கட்டிக்கொடுத்திருந்த மகள் கோபிகா வந்து பார்த்துவிட்டு, அப்பனைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டாள்.

"அப்பா, இனிமே சொல்லீரலாம். அம்மா தாங்கிக்குவாங்க. இன்னும் மறச்சா அது தப்புப்பா."

"நானும் அதையேதான் நெனச்சன் சாமி. வர்ற ஞாயித்துக்கெழம நளினாவ வரச்சொல்லியிருக்கறன். எல்லாரும் ஒண்ணா உக்காந்து சொல்லீரலாம். அழுதா அழுகட்டும்."

நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருந்தார். அதை அவர் கணக்கில் எழுதத்தான் வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே டாக்டர் நவீனா அவரைக் கூப்பிட்டுவிட்டார்.

டாக்டருக்கு வயது நாற்பதுக்குள்தான் இருக்கும். பூசி மெழுகிப் பேசத் தெரியாது.

"சார், அம்மாவுக்கு இனி சின்னச் சின்ன கீமோ எடுபடாது. பெரிய கீமோ ஒண்ணு இருக்கு. அது நோயோட சேத்து மஜ்ஜையையும் காலி பண்ணிரும். அதனால முன்னாடியே அவங்களோட ஸ்டெம் செல்ல எடுத்து ஃப்ரீஸ் பண்ணி வச்சுக்கணும். அதுதான் ரத்தத்துக்கு விதை. காலியான மஜ்ஜைல திரும்ப அதை ஏத்துனாத்தான் ஆள் பொழைக்க முடியும்."

"ரெண்டு தடவ ஊசி போட்டீங்களேங்க?"

"போட்டோம். சாதாரணமா அந்த ஊசி போட்டா எலும்புக்குள்ள இருக்கற விதை ரத்தத்துக்கு வந்துரும். மெஷின்ல ரத்தத்தச் சுத்த விட்டுப் பிரிச்சுக்குவோம். நெறைய கீமோ பாத்த உடம்புல மஜ்ஜை கதவச் சாத்திக்கும். அம்மாவுக்கு ரெண்டு தடவயும் ஒண்ணும் வெளிய வரல."

"அப்ப?"

டாக்டர் கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். "புதுசா ஒரு மருந்து வந்திருக்கு. இங்க எல்லாரும் கதவு ஊசிம்பாங்க. மஜ்ஜைக்குள்ள நரம்பு போகுது சார். மனுஷனுக்குப் பெரிய துக்கமோ கோவமோ வந்தா அந்த நரம்பு போய்க் கதவத் தட்டும். சாதாரணமா அந்தத் தட்டல் பத்தாது. இந்த ஊசி போட்டா அந்தத் தட்டலுக்கே கதவு தொறந்துரும். ஆனா தட்டறது நெஜமாத் தட்டணும்."

"மருந்துலயே தட்ட முடியாதுங்களா?"

"பாத்தாச்சு. இதயம் தாங்கல. சோகப் படம் போட்டுப் பாத்தோம், பயமுறுத்திப் பாத்தோம். உடம்பு ஏமாற மாட்டேங்குது. கேக்கற விஷயம் மனசுல நெஜமா எறங்கணும். அதுவும் ஊசியோட வேகம் இருக்கற நேரத்துக்குள்ள. இந்த ஊசிய ஒருத்தருக்கு அடுத்தடுத்துப் போட முடியாது. இன்னொரு தடவ போடணும்னா வருஷக்கணக்குல இடைவெளி வேணும்."

டாக்டர் மேசையில் இருந்த பேனாவை நேராக வைத்தார்.

"அதனால எல்லாக் குடும்பத்துலயும் இதக் கேக்கறோம். தப்பா எடுத்துக்காதீங்க. அம்மாகிட்ட சொல்லாம வச்சிருக்கற விஷயம் ஏதாவது இருக்குதுங்களா?"

பீடி பிடிக்கிறவன் தீப்பெட்டி கேட்க, நம் சட்டைப் பையில் தற்செயலாக ஒன்று இருந்தால் எப்படிச் சட்டென்று கை போகும்? அப்படித்தான் அவருக்கு வார்த்தை வந்தது. "இருக்குதுங்க" என்றார். குணசேகரனைப் பற்றிச் சொன்னார்.

"நல்லது சார்" என்றார் டாக்டர். சொன்ன பிறகு அந்த வார்த்தை அவருக்கே உறுத்தியிருக்க வேண்டும், பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். "அதை அப்படியே வச்சிருங்க. தை மாசம் இடம் கெடைக்கும். அதுவரைக்கும் யாரும் வாய் விட்டுராம பாத்துக்குங்க."

"அவகிட்ட ஒரு வார்த்த கேக்கோணுமுங்களா?"

"கேட்டா மனசு தயாராயிரும். தயாரான மனசுக்குக் கதவு தொறக்காது. கணவர் சம்மதம் போதும்னு விதியில எடம் குடுத்திருக்காங்க."

நல்ல விதி! அந்த விதியைப் போட்டவர்கள் வீட்டில் யாருக்கும் நோய் வந்திருக்காது.

அன்று ராத்திரியே நளினாவுக்குப் போன் செய்து வரவேண்டாம் என்றார். கோபிகாவை மட்டும் அவ்வளவு சுலபத்தில் அடக்க முடியவில்லை.

"என்னப்பா இது? தாய்வூட்டுச் சாவப் பத்திரமா வச்சிருந்து ஊசியோட குடுக்கறதா? அம்மா அழுகறதுக்குக்கூட டாக்டருகிட்டத் தேதி வாங்கோணுமா?"

"உனக்கு அம்மா வேணுமா, வேண்டாமா?"

கோபிகா பையை எடுத்துக்கொண்டு பெருந்துறைக்குப் போய்விட்டாள். அதன்பிறகு அம்மாவோடு போனில் பேசும்போதெல்லாம் குழந்தை அழுகிறது என்று பாதியில் வைத்துவிடுவாள்.

தைக்குள் ஈஸ்வரமூர்த்தி அந்தச் செய்தியைக் காபந்து பண்ணின அழகைச் சொல்ல வேண்டுமே! துக்கம் கேட்க வந்த சொந்தக்காரர்களைத் தெருமுனையிலேயே மறித்துத் திருப்பி அனுப்பினார். சுகந்தியின் போனை வாங்கி, ரிப்பேர் என்று இரண்டு நாள் வைத்திருந்து, யார் யார் நம்பரையோ அழித்தார். சாயங்காலம் ஆனால் அவள் பக்கத்தில் போய் உட்காருவார். அவளும் வாயைப் பார்த்துக்கொண்டு ஏதோ கேட்கப்போகிறவள் போல இருப்பாள். எங்கே நாக்கு நழுவிவிடுமோ என்று பயந்து டிவியைப் போட்டுவிடுவார்.

ஊசிக்கு முந்தின நாள் பரிசோதனைக்காக ஆஸ்பத்திரிக்குப் போனபோது கேண்டீனில் உடுமலைக்காரர் ஒருத்தர் பழக்கமானார். பெயர் கனகராஜ். சம்சாரத்துக்குப் போன மாதம்தான் கதவு ஊசி போட்டிருந்தார்களாம்.

"உங்குளுக்கு நெஜச் செய்தி இருக்குதுங்களா?" என்று போளியைப் பிய்த்துக்கொண்டே விசாரித்தார், ஏதோ மாட்டுக்குப் பல் பார்க்கிற மாதிரி.

"மச்சினன் தவறீட்டாப்பலங்க."

"குடுத்து வச்சவருங்க நீங்க. எங்கூட்டுல ஒண்ணுமே இல்ல. அவகிட்ட நான் எதையும் மறைக்கறதில்ல, அதுதான் வெனையாப் போச்சு. கடேசில, பையன் பைக்குல அடிபட்டுட்டான்னு பொய்யச் சொல்லிப்போட்டன். ஏறுச்சு பாருங்க கோடு! ஊசியப் புடுங்கிப்போட்டு எந்திரிச்சு ஓடப் பாத்தா. நர்சுக நாலு பேரு அமுக்கிப் புடிச்சாங்க. வேணுங்கறது கெடைச்சுப்போச்சு."

"அப்ப நல்லா இருக்கறாங்களா?"

"உசுரு இருக்குதுங்க." கனகராஜ் டம்ளரை வைத்தார். "இப்ப நான் மழ பேயுதுன்னு சொன்னாக்கூட, கைய வெளிய நீட்டிப் பாத்துப்போட்டுத்தான் நம்பறா. பையனப் பள்ளிக்கொடத்துக்கு உடறதில்ல. நெஜச் செய்திதானுங்க நல்லது. அழுதாங்களா, முடிஞ்சுதான்னு போயிரும்."

ஈஸ்வரமூர்த்திக்கு அதைக் கேட்டதும் மனசு லேசாகிவிட்டது. நம்முடையது நிஜம். நாம் பொய்யேதும் சொல்லப்போவதில்லை. இப்படி ஒரு ஆறுதல்!

மறுநாள் காலையில் விதை சேகரிக்கிற அறைக்குக் கூட்டிப்போனார்கள். சின்ன அறை. கட்டில், பக்கத்தில் குளிர்சாதனப் பெட்டி உயரத்துக்கு மெஷின், தலைமாட்டுக்கு மேலே ஒரு திரை. ரத்தத்துக்குள் விதை எவ்வளவு வந்திருக்கிறது என்பதைத் திரையில் ஒரு பச்சைக் கோடு காட்டிக்கொண்டே இருக்கும். மேலே குறுக்காகச் சிவப்புக் கோடு. பச்சை சிவப்பைத் தாண்டினால்தான் பை நிறையும், பை நிறைந்தால்தான் பெரிய கீமோ, பெரிய கீமோ நடந்தால்தான் சுகந்தி. தாண்டாவிட்டால் வீட்டுக்குக் கூட்டிப்போய் வைத்திருந்து பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கண்ணாடிக்குப் பின்னால் டாக்டர் நின்றார். மெஷின் பக்கத்தில் ஷைனி என்கிற நர்ஸ்.

இரண்டு கையிலும் குழாயோடு சுகந்தி சிரித்தாள். "காப்பி குடிச்சீங்களா மாமா? மொகமே நல்லால்ல. பயப்படாதீங்க, இந்தத் தடவ வந்துரும்."

கதவு ஊசி ஏறி முடிந்தது. டாக்டர் தலையை அசைத்தார்.

"அம்மிணி." ஈஸ்வரமூர்த்தி ஆரம்பித்தார். "உன்ற தம்பி குணா போயிட்டான். ஆப்பிரிக்காவுக்கெல்லாம் போகல. ஆவணிலயே போயிட்டான். ரிக்குப் பக்கத்துல நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தவன், எந்திரிக்கவே இல்ல."

சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தார்.

பச்சைக் கோடு படுத்தே கிடந்தது.

காதில் விழவில்லையோ என்று மறுபடி சொன்னார். குணா செத்துப்போயிட்டான் அம்மிணி, நான்தான் போய்க் கோடி போட்டன், நீ ஆஸ்பத்திரில கெடந்தே. கோட்டில் ஒரு சிலிர்ப்புக்கூட இல்லை. ஷைனி அவரைப் பார்த்து, இன்னும், இன்னும் என்று கையைச் சுழற்றினாள். ஊசி வீணாகிறது. இந்த ஒரு ஊசிதான். "நெஜமாலுந்தான் சொல்றன் சுகந்தி! பொய்யில்ல! உன்ற தம்பி செத்துட்டான்!" என்று திரையைப் பார்த்தபடியே கத்தினார்.

"தெரியுமுங்க" என்றாள் சுகந்தி.

அப்போதுதான் திரும்பினார். அவள் கண்ணில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியுமா? எப்புடி?"

"தீவாளிக்குச் சேலை வந்துச்சே, அன்னைக்கே தெரியும். என்ற தம்பி ஒருநாளும் எனக்குப் புடிச்ச கலர்ல எடுத்ததில்லீங் மாமா. பச்சை வேண்டாம்டான்னு சொல்லி அனுப்புனா பச்சையேதான் எடுப்பான், கண்ணக் குத்தற பச்சை. நான் திட்டோணும், அவன் சிரிக்கோணும், அதுக்குன்னே எடுப்பான். இந்தத் தடவ பிரிச்சா மாம்பழ மஞ்சள். அது உங்க கையி எடுத்த சேலை. அவன் இருந்தா உங்குளுக்கு எதுக்கு அந்த வேலைன்னு அப்பவே புரிஞ்சுபோச்சு."

"அம்மிணி..."

"நளினாவக் கூப்புட்டன். எடுத்து 'அண்ணி'ன்னா. அதுக்கு மேல அவளும் பேசல, நானும் பேசல. ரெண்டு பேரும் சித்த நேரம் போனப் புடிச்சுட்டே இருந்தோம். பொறகு வச்சுட்டோம்."

"பின்ன ஏன் எங்கிட்டக் கேக்கல?"

"நீங்க எனக்காவ மறைக்கறீங்க. எவ்வளவு செரமப்பட்டு மறைக்கறீங்க! அதைப் போய் நான் கெடுக்கோணுமான்னு இருந்தன். எனக்குத் தெம்பு வந்தா நீங்களே சொல்லுவீங்க, அப்ப உங்க தோள்ல சாஞ்சு அழுதுக்கலாம்னு இருந்தன். தெனமும் சாயங்காலம் பக்கத்துல வந்து உக்காருவீங்க. இன்னைக்குச் சொல்லீருவாருன்னு உங்க வாயையே பாப்பன். நீங்க டிவியப் போட்டுருவீங்க."

என்ன சொல்ல, அந்த நேரத்திலும் ஈஸ்வரமூர்த்தியின் கண் பாழாய்ப்போன திரைக்குத்தான் ஓடியது. கோடு கொஞ்சமாவது எழுந்திருக்கிறதா? இல்லை. துக்கமெல்லாம் தீபாவளியிலிருந்தே தனியாக அழுது தீர்ந்துவிட்டது. அதில் இப்போது தட்டுவதற்கு ஒன்றுமில்லை.

அவர் கண் போன பக்கமாகச் சுகந்தியும் தலையைச் சாய்த்து மேலே பார்த்தாள். அப்புறம் ஷைனியைப் பார்த்தாள், அவளும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் டாக்டரும் அதையேதான்.

"அதென்னுங் அது, எல்லாரும் அதையே பாக்கறீங்க?"

ஷைனி சட்டென்று மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"தம்பி செத்துட்டான்னு சொன்னீங்களே. சொல்லிப்போட்டு என்ற மூஞ்சியப் பாக்கல நீங்க. அங்க பாத்தீங்க." அவள் குரல் இறங்கியது. "ஏன் இன்னைக்குச் சொன்னீங்க? ஏன் இங்க வச்சுச் சொன்னீங்க?"

"அது... டாக்டரம்மா..."

"எனக்குக் கார்த்திகைலயே தெம்பு வந்துருச்சு. அப்பறமும் சொல்லல. எனக்காவ மறைச்சீங்கன்னு நெனச்சன். இதுக்காவ வச்சிருந்தீங்களா? என்ற தம்பி சாவ, இந்த மெஷினுக்குன்னு எடுத்து வச்சிருந்தீங்களா?"

பச்சைக் கோடு அசைந்தது. படுத்துக்கிடந்தது தலையைத் தூக்கி, ஒரு படி ஏறி, இன்னொரு படி ஏறியது.

"சார், ஏறுது சார்!" ஷைனி அந்தப் பக்கத்திலிருந்து கத்தினாள். சந்தோஷத்தில் அவள் முகம் மலர்ந்தே போய்விட்டது. "பேசுங்க சார், நிறுத்தாதீங்க!"

சிவப்புக்கு இன்னும் பாதி தூரம் இருந்தது. ஈஸ்வரமூர்த்தி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் செய்ய நினைத்தது என்ன தெரியுமா? அவள் காலைப் பிடித்துக்கொண்டு, தப்புப் பண்ணிப்போட்டன் அம்மிணி என்று அழ நினைத்தார். அப்படி அழுதால் அவள் இளகிவிடுவாள் என்பதும் அவருக்குத் தெரியும். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவருக்கு அதுகூடத் தெரியாதா? இளகினால் கோடு இறங்கிவிடும். இறங்கினால் மறுபடி ஏறாது. அப்புறம் மன்னித்த பெண்டாட்டியை மடியில் போட்டுக்கொண்டு நாளை எண்ண வேண்டியதுதான்.

அவளை மேலும் எரியவைக்க ஒரு வார்த்தை வேண்டும். பொய் உதவாது. அவர் சொல்கிற எதையும் அவள் இனிச் சட்டென்று நம்பமாட்டாள். யாரிடமும், தன்னிடமேகூடச் சொல்லாமல் அமுக்கி வைத்திருந்த ஒன்று அவருக்குள் இருந்தது.

"ஆமா, எடுத்துத்தான் வச்சிருந்தன்" என்றார். "கோபிகா சொல்லலாம்னா. நான்தான் அவ வாய அடைச்சன். உன்கிட்டச் சொல்லாதது ஏதாச்சும் இருக்குதான்னு டாக்டரம்மா கேட்டாங்க. அப்ப நான் என்ன நெனச்சன் தெரியுமா? நல்லவேளை, குணா செத்தான்னு நெனச்சன்."

அந்த வார்த்தை காதில் விழுந்ததும் சுகந்தியின் வாய் திறந்தது, சத்தம் வர ஒரு நிமிஷம் ஆனது. பிறகு வந்தது. "என்ற தம்பீ" என்று அவள் போட்ட சத்தத்தில் வராந்தாவில் போனவர்கள் நின்றுவிட்டார்கள். தீபாவளியிலிருந்து வாயைப் பொத்திப் பொத்தி அழுததெல்லாம் இப்போது நெருப்புப் பிடித்து எரிந்தது. பாவி என்றாள், உன்ற கையில சோறு வாங்கித் தின்னனே என்றாள். ஒருநாளும் அவரை நீ என்று சொல்லாதவள். அவர் அவளுடைய கையைப் பிடித்தார். அவளால் கையை இழுத்துக்கொள்ள முடியவில்லை, குழாய் இருந்தது. முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

கோடு சிவப்பைத் தாண்டி மேலே போய்விட்டது. மெஷின் சத்தமில்லாமல் எல்லாவற்றையும் வடித்துப் பையில் பிடித்துக்கொண்டது. டாக்டர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

சுகந்தி பிழைத்துக்கொண்டாள்.

பெரிய கீமோ நடந்தது, மஜ்ஜை காலியானது, அவளுடைய விதையை அவளுக்கே திரும்ப ஏற்றினார்கள், அது முளைத்தது. முடி வளர்ந்தது. நடமாடத் தொடங்கியதும் அவள் செய்த முதல் காரியம், கோபிகாவைக் கூட்டிக்கொண்டு திருச்செங்கோடு போய் நளினாவைக் கட்டிக்கொண்டு அழுததுதான். பீரோவின் கீழ்த்தட்டிலிருந்து ஒரு பச்சைச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு போனாள். ஈஸ்வரமூர்த்தியை வரவேண்டாம் என்றும் சொல்லவில்லை, வாங்க என்றும் சொல்லவில்லை.

வீட்டில் சண்டை சச்சரவு ஒன்றும் கிடையாது. வேளைக்குச் சோறு போட்டாள், மாத்திரை எடுத்து வைத்தாள், துணி மடித்தாள். மாமா என்கிற வார்த்தை மட்டும் அந்த வீட்டிலிருந்து போய்விட்டது. "சாப்பாடு ஆயிருச்சு" என்பாள். "போன் வருது" என்பாள். சுவரைப் பார்த்துச் சொல்கிற மாதிரி சொல்வாள். ஈஸ்வரமூர்த்தி அதையும் பொறுத்துக்கொண்டார். ஆள் கண் முன்னால் நடமாடுகிறாளே, அது போதாதா என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். போதவில்லை என்பது அவருக்கும் தெரியும்.

அடுத்த தை கழிந்து சோதனைக்குப் போனார்கள். டாக்டர் நவீனா ரிப்போர்ட்டைப் பார்த்துச் சிரித்தார். "ரத்தம் சின்னப் பொண்ணு ரத்தம் மாதிரி இருக்கும்மா." பிறகு சிரிப்பைக் குறைத்துக்கொண்டு, "அன்னைக்கு எடுத்தது அத்தனையும் ஏத்தியாச்சு, மிச்சம் வைக்க முடியல. இந்த நோய் சில வருஷம் கழிச்சுத் திரும்பி வரலாம். வந்தா மறுபடி எடுக்க வேண்டியிருக்கும். அப்பவும் கதவு ஊசிதான்" என்றார்.

"செரிங்க" என்றாள் சுகந்தி.

வீட்டுக்கு வரும்போது கார் தன்பாட்டுக்கு அவினாசி ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது. முன்னெல்லாம் என்றால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்க்கிற சாக்கிலாவது இருக்கலாம். இப்போது அந்தச் சாக்கும் இல்லை. ஈஸ்வரமூர்த்தி ஒரு வருஷமாக விழுங்கி விழுங்கி வைத்திருந்ததைச் சொன்னார்.

"தப்புப் பண்ணிப்போட்டன் அம்மிணி. அன்னைக்கு நான் சொன்னது... அப்படி நெனச்சது நெஜந்தான். அது என்ற மனசுல எப்புடி வந்துச்சுன்னு எனக்கே தெரியல. என்ன மன்னிச்சுரு. என்னப் பாத்து ஒரு வார்த்த நல்லாப் பேசு. அது போதும்."

கருமத்தம்பட்டி தாண்டியது.

"மன்னிச்சரலாமுங்க" என்றாள். "நளினாகூட மன்னிச்சுருங்கண்ணின்னு சொல்றா. எனக்கும் சில நாளு தோணும். தூங்கறப்ப உங்க மூஞ்சியப் பாத்தாப் பாவமாத்தான் இருக்குது."

"அப்பறம் என்ன சாமி?"

"அன்னைக்கு என்ற தம்பி சாவச் சொன்னதுல ஒண்ணும் வெளிய வரலீங்களே. உங்க மேல வந்த வெறுப்புலதானே வந்துச்சு." அவள் மடியில் இருந்த மாத்திரைப் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "நாளைக்கு மறுபடி படுக்க வச்சு ஊசி போடுவாங்க. எனக்கு இன்னும் கொஞ்ச நாளு இருக்கோணும், கோபிகா மகள பள்ளிக்கொடத்துல சேத்தறதப் பாக்கோணும். இப்பவே மன்னிச்சுட்டா அன்னைக்குத் தட்டறதுக்கு எங்கிட்ட என்ன இருக்கும்? நீங்க செய்திய வச்சிருந்தீங்கல்ல, இதை நான் வச்சிருக்கறன் மாமா."

ஒரு வருஷம் கழித்து அந்த வார்த்தை. ஈஸ்வரமூர்த்தி சட்டென்று திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். நிஜமாகவே வெறுக்கிறாளா, இல்லை வெறுப்பதுபோல வைத்துக் காப்பாற்றுகிறாளா என்று அந்த முகத்தில் தேடினார். அவருக்குத் தெரியவில்லை. பார்த்துத் தெரிந்துகொள்ள அங்கே திரை ஏதும் இல்லை.